சேற்றில் ஒரு பகல்

போன வாரம் ஜெனரல் டவுன்ஷெண்டையும் அவருடைய ஆறாவது டிவிஷனையும் டைகிரிஸ் ஆற்று வளைவில் இருக்கும் குட் அல் அமாரா என்ற சிற்றூருக்குள் விட்டுவிட்டு வந்தோம். 1915 டிசம்பர். மூன்று பக்கம் ஆறு, நான்காவது பக்கம் துருக்கியர். உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். ‘கையிருப்பு உணவு அதிக நாளுக்குத் தாங்காது, சீக்கிரம் வந்து மீட்டுக்கொண்டு போங்கள்’ என்று உள்ளேயிருந்து வயர்லெஸ் செய்தி மேல் செய்தி வந்துகொண்டிருந்தது.

அந்த அவசரத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் நடக்கப்போகும் அத்தனைக்கும் வேர் அதுதான்.

மீட்கப் புறப்பட்ட படைக்குத் தலைவர் ஜெனரல் ஃபென்டன் ஏல்மர். 1891-இல் வடமேற்கே நில்ட் கோட்டை வாசலை வெடிவைத்துத் தகர்த்ததற்காக விக்டோரியா கிராஸ் வாங்கியவர். தனிமனித வீரம் என்றால் என்ன என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அவரிடம் இல்லாதது வேறு: படகு, வண்டி, டாக்டர், கட்டுத்துணி. பிரான்சிலிருந்து மீரட் டிவிஷன் கப்பல் கப்பலாக பாஸ்ராவில் வந்து இறங்கியது. அங்கிருந்து ஆற்றில் மேலே போகப் போதுமான நீராவிப் படகுகள் கிடையாது. எனவே துப்பாக்கி பிடிக்கிறவன் முதலில் போகட்டும், மற்றவர்கள் பிறகு வரட்டும் என்று முடிவாயிற்று. அந்த ‘மற்றவர்களில்’ கள மருத்துவப் பிரிவுகளும் அடக்கம். படை முன்னால் போய்ச் சண்டையைத் தொடங்கியபோது அதன் டாக்டர்களில் பலர் இருநூறு மைலுக்குப் பின்னால் படகுக்குக் காத்திருந்தார்கள்.

ஜனவரி 6 முதல் 8 வரை ஷேக் சாத் என்ற இடத்தில் முதல் சண்டை. நம் பக்கம் சுமார் 4,000 பேர் மாண்டார்கள் அல்லது காயப்பட்டார்கள். 13-ஆம் தேதி வாடி என்ற இடத்தில் இரண்டாவது சண்டை. இன்னொரு 1,600. துருக்கியர் ஒவ்வொரு முறையும் ஒழுங்காகப் பின்வாங்கி அடுத்த இடத்தில் இன்னும் ஆழமாக வெட்டி உட்கார்ந்துகொண்டார்கள். மூன்றாவதாக அவர்கள் உட்கார்ந்த இடம் ஹன்னா.

நில அமைப்பைச் சொன்னால் போதும், படம் தேவையில்லை. ஒரு பக்கம் டைகிரிஸ். மறுபக்கம் சுவைக்கியா என்ற பெரிய சதுப்பு. நடுவே ஒரு மைல் அகலம்கூட இல்லாத தரைப்பட்டை. புல், பூண்டு, மேடு, மரம் எதுவும் கிடையாது. அந்தப் பட்டையை மறித்துத் துருக்கிய டிரெஞ்சுகள். சுற்றிப் போக வழியில்லை. குட் நகரம் அங்கிருந்து முப்பது மைல்.

அதோடு மழை வேறு. மெசபடோமியாவின் வண்டல் மண்ணில் மழை விழுந்தால் என்ன ஆகும் என்று காவிரி டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வித்தியாசம் என்னவென்றால் அங்கே ஜனவரியில் எலும்பைத் துளைக்கும் குளிரும் கூட இருக்கும்.

1916 ஜனவரி 21 காலை. பத்து நிமிடம் பீரங்கி முழங்கியது. மேற்கு முனையில் பிரான்சில் இதைப் போன்ற டிரெஞ்சுகளை அடிக்க மணிக்கணக்காக, நாள்கணக்காகக் குண்டு போட்ட காலம் அது. இங்கே பத்து நிமிடம். அதன் பலன், துருக்கியரை எழுப்பி உட்கார வைத்ததுதான். பிறகு சுமார் 4,000 பேர் எழுந்து, 600 கஜம் சேற்றுவெளியில் நடக்கத் தொடங்கினார்கள். ஓடினார்கள் என்று எழுதக் கை வருகிறது. முழங்கால்வரை சேறு இழுக்கும்போது யாரும் ஓடுவதில்லை.

பிளாக் வாட்ச் ரெஜிமெண்டும் ஜாட்டுகளும் ஒரு மூலையில் துருக்கிய டிரெஞ்சுக்குள் குதித்தே விட்டார்கள். பின்னால் துணைக்கு ஆள் வரவில்லை, வெளியே தள்ளப்பட்டார்கள். மற்றவர்கள் பாதி வழியில் விழுந்தார்கள். அப்படி விழுந்தவர்கள் நடுவே இருந்தது 41-ஆவது டோக்ரா ரெஜிமெண்ட். இமயமலை அடிவாரத்துக் காங்ரா, ஜம்மு பக்கத்து மலைக் கிராமத்து ஆட்கள். 1915 மே மாதம் பிரான்சில் ஆபர்ஸ் ரிட்ஜில் ஏற்கெனவே நொறுங்கிப்போன ரெஜிமெண்ட் அது. மிச்சமிருந்தவர்களையும் புதிதாகச் சேர்ந்தவர்களையும் கூட்டிக் கட்டி இங்கே அனுப்பியிருந்தார்கள்.

அவர்களில் ஒருவர் லான்ஸ் நாயக் லாலா. வெறும் லாலா, அவ்வளவுதான் பெயர். காங்ரா மாவட்டத்துப் பரோல் கிராமம். இன்றைய இமாசலப் பிரதேசத்தின் ஹமீர்பூர் பகுதி. 1876-இல் பிறந்தவர் என்று பதிவு சொல்கிறது. அந்தக் கணக்குப்படி ஹன்னா சண்டையன்று நாற்பதை எட்டிக்கொண்டிருந்தவர். அந்த வயதில் லான்ஸ் நாயக் என்பது சிப்பாய்க்கு ஒரு படி மேலே, அவ்வளவே.

தாக்குதல் நின்றுபோன பிறகுதான் லாலாவின் வேலை தொடங்குகிறது. வெட்டவெளியில் கிடந்தபடியே மண்ணை வாரி வாரித் தனக்கு முன்னால் ஒரு சிறிய மறைப்பை எழுப்பியிருக்கிறார். ஒரு ஆள் படுத்தால் தலை மறையும் அளவு. பக்கத்தில் காயம்பட்டுக் கிடந்த நான்கு பேரை ஒவ்வொருவராக அதற்குள் இழுத்துக் கட்டுப் போட்டார். சிப்பாய்களிடம் ஆளுக்கொரு முதலுதவிக் கட்டு இருக்கும். அதற்கு மேல் மருத்துவம் என்று எதுவும் அந்த வெளியில் கிடையாது.

பிறகு, எதிரி வரிசைக்கு அருகே வேறொரு ரெஜிமெண்டைச் சேர்ந்த பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் கிடப்பதைப் பார்த்தார். போய் இழுத்துவந்தார். அவருக்கும் கட்டு. ஆறு பேர் ஒரு மண்மேட்டுக்குப் பின்னால்.

அதற்குள் இன்னொரு குரல். அவருடைய ரெஜிமெண்டின் அட்ஜுடன்ட், கர்னலுக்கு வலது கையாக இருந்து ரெஜிமெண்டின் நிர்வாகம் முழுவதையும் பார்க்கிற அதிகாரி, பலத்த காயத்தோடு திறந்த வெளியில் கிடந்து கூப்பிடுகிறார். அவர் கிடந்த இடத்துக்கும் துருக்கிய டிரெஞ்சுக்கும் நடுவே நூறு கஜம்தான். போகாதே, நிச்சயம் செத்துப்போவாய் என்று கூட இருந்தவர்கள் தடுக்க, லாலா கேட்கவில்லை, தவழ்ந்து போனார்.

இந்த இடத்தில் சற்று நின்று பார்க்கத் தோன்றுகிறது. போனவர், ‘என் முதுகில் ஏறிக்கொள்ளுங்கள், உங்களைச் சுமந்துகொண்டே ஊர்ந்து போய்விடுகிறேன்’ என்று கேட்டிருக்கிறார். அதிகாரி மறுத்துவிட்டார். தன்னைச் சுமந்தால் இருவரும் சாவோம் என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும், சரியான கணக்கு. உத்தரவு உத்தரவுதான், மீற முடியாது. ஆனால் அவரை விட்டுவிட்டு லாலா திரும்பிப் போனாரா என்றால் அதுவும் இல்லை. தன் மேலாடைகளைக் கழற்றி அதிகாரியின் மேல் போர்த்தினார். அந்தக் குளிரில், ஈரச் சேற்றில், நூறு கஜத்தில் துப்பாக்கிகள் பார்த்துக்கொண்டிருக்க, இருட்டும் நேரம்வரை அவர் பக்கத்திலேயே கிடந்தார்.

காயம்பட்டவன் குண்டினால் மட்டும் சாவதில்லை. இரத்தம் போனவனுக்கு உடம்புச் சூடு வேகமாக இறங்கும். குளிரில் இரத்தம் உறைவதும் தடைப்படும். ஹன்னாவில் அன்று இரவு அப்படி விறைத்தே செத்தவர்கள் பலர். லாலாவுக்கு உடலியல் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மலைநாட்டுக்காரருக்குக் குளிர் என்ன செய்யும் என்பது தெரியும். அன்று அவர் செய்தவற்றில் அதிகாரியின் உயிரைப் பிடித்து வைத்தது அந்தச் சட்டையாகவே இருந்திருக்கலாம்.

அந்தி சாயும் நேரத்தில் மண்மறைப்புக்குத் திரும்பினார். நன்றாக இருட்டியதும் முதலில் இழுத்துவந்த அதிகாரியைத் தூக்கிக்கொண்டு நம் டிரெஞ்சுக்குப் போனார். அங்கிருந்து ஒரு ஸ்ட்ரெச்சரோடு மறுபடி வெளியே வந்து அட்ஜுடன்டைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

இதெல்லாம் லாலாவுக்கு விக்டோரியா கிராஸ் கொடுத்தபோது லண்டன் கெஜட்டில் வந்த குறிப்பிலிருந்து நமக்குத் தெரிகிறது. 1916 மே 13 தேதியிட்ட கெஜட். அரசாங்கக் குறிப்பு என்றாலும் அதில் நாடகத்துக்குக் குறைவில்லை. ஆனால் அதைத் திரும்பத் திரும்பப் படிக்கையில் என் கண் வேறொன்றில் போய் நிற்கிறது. இரண்டு அதிகாரிகளுக்கும் அங்கே விவரம் உண்டு: யார், எங்கே கிடந்தார்கள், எப்படி வந்து சேர்ந்தார்கள். முதலில் கட்டுப் போடப்பட்ட அந்த நான்கு பேர்? மண்மறைப்பைப் பற்றிச் சொல்லும் வாக்கியத்தின் வாலில் ஒரு துணுக்காக வருகிறார்கள். பெயர் இல்லை, ரெஜிமெண்ட் இல்லை, இருட்டிய பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்பதும் இல்லை. குறிப்பு முடிவதும் லாலாவின் ‘அதிகாரிகள் மீதான பக்தியை’ப் பாராட்டித்தான்.

விக்டோரியா கிராஸ் இந்தியச் சிப்பாய்க்குத் திறந்துவிடப்பட்டதே 1911 டெல்லி தர்பாரில்தான். அதுவரை 55 ஆண்டுகள் அவனுக்கு அது கிடையாது. முதல் உலகப் போரில் அதைப் பெற்ற இந்தியப் படைச் சிப்பாய்கள், கூர்க்காக்களையும் சேர்த்து, 11 பேர். அவர்களில் நான்கு பேருக்குக் காயம்பட்டவர்களைக் காப்பாற்றியதும் காரணம். 1915 ஏப்ரலில் ஈப்ரில் மீர் தஸ்த் எட்டு அதிகாரிகளைத் தூக்கிவர உதவினார். குல்பீர் தாபா அந்த ஆண்டு செப்டம்பரில் ஜெர்மன் டிரெஞ்சுக்குப் பின்னால் ஒரு லெஸ்டர்ஷயர் சிப்பாயோடு ஒரு பகலும் ஓர் இரவும் இருந்து, அவரையும் இரண்டு கூர்க்காக்களையும் கொண்டுவந்தார். நால்வரில் சாதாரணச் சிப்பாயைக் காப்பாற்றியது மையமாக வருவது இவர் கதையில் மட்டும். மூன்றாமவர் சத்தா சிங், ஹன்னாவுக்கு எட்டே நாள் முன்பு வாடியில். நான்காமவர் லாலா.

சத்தா சிங்கின் கதையை ஒரு பத்தியிலாவது சொல்லாமல் போக மனம் வரவில்லை. 9-ஆவது போபால் காலாட்படைச் சிப்பாய். கான்பூர் பக்கத்துக்காரர். அவருடைய கர்னல் வெட்டவெளியில் அடிபட்டு விழுந்தார். சத்தா சிங் போய்க் கட்டுப் போட்டார். பிறகு இடுப்பிலிருந்த சிறு மண்வெட்டியை எடுத்து, சுடப்பட்டுக்கொண்டே, கர்னலைச் சுற்றிப் பள்ளம் வெட்டினார். ஒரு பக்கம் மறைப்பு போதவில்லை. அந்தப் பக்கத்தில் தானே படுத்துக்கொண்டார். ஐந்து மணி நேரம், இருட்டும்வரை. பிறகு ஆள் கூட்டிவந்து கர்னலை மீட்டார். மகா சண்டையில் பிழைத்து, சுதந்திர இந்தியாவையும் பார்த்து, 1961 வரை வாழ்ந்தவர்.

இதை வாசித்துவிட்டு ‘அதிகாரியைக் காப்பாற்றியதால் மெடல் கிடைத்தது, சிப்பாயைக் காப்பாற்றியிருந்தால் கிடைத்திருக்காது’ என்று லாலாவையோ சத்தா சிங்கையோ குறைத்துவிடக் கூடாது. மெடலுக்காக அவர்கள் அதிகாரியைத் தேடிப் போகவில்லை. லாலா முதலில் கட்டுப் போட்டது நான்கு சாதாரண ஆட்களுக்கு. எதைப் பார்ப்பது, எதை எழுதுவது என்று தீர்மானித்தது மேலே இருந்தவர்கள். அதோடு, மெடலுக்குச் சாட்சி சொல்ல ஓர் அதிகாரி வேண்டும். காப்பாற்றப்பட்டவரே அதிகாரி என்றால் சாட்சி கையிலேயே இருக்கிறது.

அதே நாள், அதே ஹன்னா களத்தில் இன்னொரு விக்டோரியா கிராஸும் உண்டு. இவர் டாக்டர். ஐ.எம்.எஸ். எனப்பட்ட இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த கேப்டன் ஜான் சின்டன். இரண்டு கையிலும் குண்டு, விலாவிலும் குண்டு. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள், மறுத்துவிட்டார். வெளிச்சம் இருந்தவரை அதே நிலையில் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கைகள் குணமாயின. பிற்காலத்தில் இந்திய மலேரியா ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராகக் கசௌலியில் இருந்து கொசுவோடு போராடினார், லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரும் ஆனார். விக்டோரியா கிராஸும் ராயல் சொசைட்டி உறுப்பினர் தகுதியும் ஒரே ஆளிடம் சேர்ந்தது அவரிடம் மட்டும்தான்.

சரி, ஹன்னாவின் கணக்கு: சுமார் 2,700 பேர். எதிரி வரிசை ஓர் அங்குலமும் நகரவில்லை. காயம்பட்டவர்களைப் பொறுக்கிக்கொள்ள மறுநாள் துருக்கியரிடம் சில மணி நேரம் போர்நிறுத்தம் கேட்க வேண்டியதாயிற்று.

இனி ஒரு கசப்பான சங்கதி. இந்தத் தோல்விக்குப் பிறகு, குட் நகரத்துக்குள் டவுன்ஷெண்ட் வீடு வீடாகச் சோதனை போட்டுத் தானியக் கையிருப்பைத் திரும்பக் கணக்கெடுத்தார். இன்னும் 84 நாளுக்குத் தாக்குப்பிடிக்கலாம் என்று தெரியவந்தது. டாக்டர்களுக்குக் காத்திராமல், பீரங்கிக்குக் காத்திராமல், மழை நிற்கக்கூடக் காத்திராமல் மூன்று சண்டை போட்டது எந்த அவசரத்துக்காகவோ, அந்த அவசரமே இல்லை. முதலிலேயே குதிர்களை எண்ணிப் பார்த்திருந்தால் லாலா சட்டையைக் கழற்ற வேண்டிய நாள் வந்திருக்காது.

இப்போது ஒரு கேள்வி. லாலா அந்த இரண்டு அதிகாரிகளையும் டிரெஞ்சுவரை கொண்டுவந்துவிட்டார். அதற்குப் பிறகு? காயம்பட்டவன் கட்டில் கிடைக்கிற ஆஸ்பத்திரியைப் பார்க்க வேண்டுமானால் ஆற்றோடு பாஸ்ராவரை வர வேண்டும். முதலில் வண்டி. ராணுவத்தின் கோவேறுகழுதை வண்டி சாமான் ஏற்றுவதற்கென்று செய்தது. நம் ஊர் வில்வண்டியில் இருக்கும் வில்லுக்குக்கூட அதில் வழியில்லை. தொடை எலும்பு முறிந்தவனை அதில் கிடத்தி மேடு பள்ளத்தில் ஓட்டினார்கள். பிறகு படகு. மேலே போகும்போது குதிரையும் கழுதையும் ஏற்றிச் சென்ற அதே இழுவைப் படகு, கழுவாமல் கொள்ளாமல், இறங்கும்போது காயம்பட்டவர்களை ஏற்றிவந்தது. வசதியோடு அமைந்த ஆற்று மருத்துவப் படகு அப்போது ஒன்றுகூடக் கிடையாது.

கடலில் ஓடிய மருத்துவக் கப்பல்கள் இருந்தன. அதில் ஒன்று நம் ஊர்ப் பணத்தில் ஓடியது. 1914-இல் எம்டன் குண்டு போட்டுவிட்டுப் போன சில வாரங்களில் மதராஸ் மாகாணத்தில் திரட்டிய போர் நிதியைக் கொண்டு டாண்டா என்ற பயணிகள் கப்பலை மாற்றி அமைத்து ‘மதராஸ்’ என்றே பெயர் சூட்டி அனுப்பினார்கள். நல்ல கப்பல், நல்ல டாக்டர்கள். ஆனால் கடல் கப்பல் பாஸ்ராவரைதான் வர முடியும். சாவு நடந்தது அதற்கு மேலே, ஆற்றில்.

அதை உலகம் அறிந்தது மேஜர் கார்ட்டர் என்ற டாக்டரால். இவரும் ஐ.எம்.எஸ்.காரர்; வரேலா என்ற மருத்துவக் கப்பலுக்குப் பொறுப்பாளராகப் பாஸ்ராவில் இருந்தார். 1915 நவம்பரில் டெசிஃபோன் சண்டை முடிந்து மெஜீதியே என்ற நீராவிப் படகு, இரு பக்கமும் இழுவைப் படகுகளோடு ஆற்றில் இறங்கி வருவதைக் கப்பல் தளத்திலிருந்து பார்த்தார். பக்கங்களில் கயிறுகள் தொங்குவதுபோல் இருந்ததாம். நெருங்கியதும் தெரிந்தது: கயிறு அல்ல, காய்ந்த மலம். சுமார் 600 பேரை நகர இடமில்லாமல் அடைத்திருந்தார்கள். கூரை இல்லை, படுக்கை இல்லை, வயிற்றுப்போக்கு வேறு. சிலர் அந்த நிலையில் பதின்மூன்று நாள் இரவும் பகலும் பயணம் செய்திருந்தார்கள். களத்தில் போட்ட முதல் கட்டு அப்படியே புழுத்துக் கிடந்தது.

இதே பயணத்தைப் பற்றி மேலிடத்துக்குப் போன தந்தி என்ன சொன்னது தெரியுமா? காயம்பட்டவர்களின் நிலை மிகவும் திருப்தி, மருத்துவ ஏற்பாடுகள் அருமை. கார்ட்டர் பார்த்ததைப் பார்த்தபடி எழுதிக் கொடுத்தார். மேலதிகாரிகள் அவரைக் கூப்பிட்டு, வம்புக்காரன் என்று திட்டி, கைது செய்வோம், கப்பலைப் பிடுங்குவோம் என்று மிரட்டினார்கள். அவர் வாயை மூடவில்லை. லாலாவின் துணிச்சலுக்கு இணையான ஒன்றை அந்தப் போரில் தேடச் சொன்னால் நான் இதைத்தான் எடுப்பேன். துருக்கியனின் குண்டுக்கு முன்னால் நிற்பது ஒருவகை. சொந்த ஜெனரலின் முகத்துக்கு நேரே ‘உங்கள் தந்தி பொய்’ என்று சொல்வது இன்னொருவகை. பின்னதற்கு மெடல் அச்சடிப்பதில்லை.

1916 ஏப்ரல் 29 அன்று குட் நகரம் சரணடைந்தது. சுமார் 13,000 பேர் கைதானார்கள். அவர்களை மீட்கப் போனதில் மட்டும் சுமார் 23,000 பேர் செத்தும் காயப்பட்டும் போயிருந்தார்கள். சரணடைந்து சரியாக இரண்டு வாரம் கழித்துத்தான் லாலாவின் பெயர் கெஜட்டில் வந்தது. தோல்விக்குப் பின்னால் நல்ல செய்தி ஒன்று யாருக்காவது தேவைப்பட்டிருக்கும்.

லண்டனில் சத்தம் எழுந்தது. மெசபடோமியா விசாரணைக் கமிஷன் அமைந்தது. கார்ட்டர் சாட்சி சொன்னார். 1917 கோடையில் அறிக்கை வெளிவந்தபோது, சிம்லாவில் உட்கார்ந்து சிக்கனம் பார்த்தவர்கள் முதல் களத்து மருத்துவத் தலைமைவரை பெயர் சொல்லிக் குற்றம் சாட்டியிருந்தது. ஜூலை 12 அன்று காமன்ஸ் சபையில் விவாதம். எட்வின் மாண்டேகு என்ற உறுப்பினர் எழுந்து, இந்திய அரசாங்கம் விறைத்துப்போன பழங்கால இயந்திரம், இந்தக் காலத்துக்கு உதவாது என்று விளாசினார். இந்திய அமைச்சராக இருந்த ஆஸ்டன் சேம்பர்லின் பொறுப்பேற்று ராஜினாமா செய்தார். அந்த நாற்காலிக்கு வந்தவர், சில நாள் முன்பு திட்டிய அதே மாண்டேகு.

மீதிக் கதை நமக்குத் தெரிந்ததுதான். ஆகஸ்ட் 20 அன்று இந்தியாவுக்குப் பொறுப்பாட்சி படிப்படியாக வரும் என்று மாண்டேகு அறிவித்தார். டிசம்பரில் மதராஸுக்கே வந்து இறங்கினார். அன்னி பெசன்ட் ஒரு பக்கமும் நீதிக் கட்சிக்காரர்கள் மறுபக்கமும் மனுக்களோடு வரிசையில் நின்றார்கள். இரட்டையாட்சி, 1920 தேர்தல், மதராஸில் நீதிக் கட்சி மந்திரிசபை எல்லாம் அங்கிருந்து கிளைத்தவை. அந்த வரிசையில் நின்ற எவரும், மாண்டேகு அந்த நாற்காலிக்கு வந்த வழியில் டைகிரிஸில் மிதந்த ஓர் இழுவைப் படகு இருந்ததைப் பேசியதாகத் தெரியவில்லை.

லாலா ஊர் திரும்பி 1927-இல் காலமானார்.

குட் நகரத்தில் கைதான சிப்பாய்களோடு வங்காளத்து இளைஞர்கள் சிலரும் இருந்தார்கள். துப்பாக்கி பிடிக்காதவர்கள், வங்காள ஆம்புலன்ஸ் படையில் ஸ்ட்ரெச்சர் தூக்கப் போனவர்கள். பாலைவனத்தில் நடத்திச் செல்லப்பட்டபோது அவர்களில் சிசிர் சர்வாதிகாரி என்பவர் ரகசியமாக நாட்குறிப்பு எழுதிவந்தார். அடுத்த வாரம் அவரோடு நடப்போம்.

(தொடரும்)